ஜி-மேன் யாருடைய ஆள்? ஹாஃப்-லைஃப் வில்லனைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1998 நவம்பரில் வந்த முதல் ஹாஃப்-லைஃப் வீடியோ கேம் தொடங்கி, 2020 மார்ச்சில் வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் வரை எல்லாக் கதைகளின் முடிவும் இங்கே பேசப்படுகிறது. இன்னும் ஆடாதவர்கள் ஆடி முடித்துவிட்டு வாருங்கள். இந்தத் திருப்பங்களை நேரில் அனுபவிப்பதே சுகம்.

யார் இந்த ஜி-மேன்?

நீல சூட், டை, கையில் ஒரு பிரீஃப்கேஸ். பார்த்தால் அரசு அதிகாரி போல இருப்பார். நியூ மெக்சிகோவில் உள்ள பிளாக் மீசா ஆராய்ச்சி நிலையத்துக்கு கார்டன் ஃப்ரீமேன் என்ற 27 வயது இயற்பியலாளர் டிராமில் வேலைக்குப் போவதுதான் முதல் கேமின் தொடக்கம். அந்தப் பயணத்திலேயே இன்னொரு டிராமில் ஜி-மேன் நம்மைக் கடந்து போகிறார். சற்று நேரத்தில், ஒரு கண்ணாடிக்கு அப்பால் விஞ்ஞானி ஒருவருடன் வாக்குவாதம் செய்துகொண்டிருப்பார். அன்று நடக்கும் பரிசோதனையில் விபத்து நேர்ந்து, ஸென் என்னும் வேற்றுலகத்தின் உயிரினங்கள் பிளாக் மீசாவுக்குள் புகுந்துவிடுகின்றன. அத்தனை களேபரத்திலும் நம்மால் எட்ட முடியாத ஏதோ ஓர் இடத்தில் நின்று அவர் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். டையைச் சரிசெய்வார், திரும்பி நடப்பார். பின்னாலேயே ஓடிப் போனால் ஆள் இருக்கமாட்டார்.

அவரை வில்லன் என்று சொல்லலாமா? அவர் யாரையும் சுடுவதுகூட இல்லையே?

சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். துப்பாக்கி தூக்காததால் அவரை நடுநிலையாளர் என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் அவர் மனிதர்களுக்கு என்ன வாய்ப்புத் தருகிறார் என்று வரிசையாகப் பாருங்கள்.

1998: ஸென் உலகை ஆண்ட நிஹிலாந்தைக் கொன்று முடித்த ஃப்ரீமேனிடம் வந்து, என் முதலாளிகளுக்கு வேலை செய்கிறாயா என்று கேட்கிறார். சம்மதித்தால் ‘பணியில் சேர்க்கப்பட்டார்’ என்று திரையில் எழுத்து வருகிறது. மறுத்தால், ஆயுதங்களைப் பிடுங்கிக்கொண்டு வேற்றுலகக் கூட்டத்தின் நடுவே சாக விட்டுவிடுகிறார். 2004-இல் வந்த ஹாஃப்-லைஃப் 2-இன் முடிவில் அந்த ஒப்புக்கும் இடமில்லை. சுதந்திரமாகத் தேர்ந்தெடுப்பதாக ஒரு மாயையைத் தருவதைவிட, உனக்காக நானே முடிவெடுத்துவிடுகிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். 2020-இல் வந்த கேமின் நாயகி அலிக்ஸ் வான்ஸிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். பூமியை ஆக்கிரமித்திருக்கும் கம்பைன் பேரரசை விரட்ட வேண்டும் என்கிறாள் அவள். அது முடியாது என்று சொல்லிவிட்டு, அவள் கேட்காத வேறொன்றைக் கொடுத்து, அதற்கு அவளையே விலையாக எடுத்துக்கொள்கிறார்.

மூன்று முறையும் எதிரே நிற்பவருக்கு வேறு வழியே இல்லாத நேரம் பார்த்துத்தான் வருகிறார். இதைத்தான் நான் வில்லத்தனம் என்கிறேன். கம்பைனின் கொடூரம் வெளிப்படையானது, எதிர்த்துச் சண்டை போடலாம். இவரிடம் சண்டை போட ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை.

அவருடைய முதலாளிகள் யார்?

கதை இதுவரை பெயர் சொல்லவில்லை. முதலாளிகள் என்ற சொல்லை மட்டும் அவர் விடாமல் பயன்படுத்துகிறார். முதல் கேமின் முடிவில், ஸென் தற்போதைக்கு எங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்கிறார். ஆக, நிலப்பரப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆசை உள்ள ஏதோ ஒரு தரப்பு. அலிக்ஸ் கதையில், உலகங்களின் விதி மாற்ற முடியாதது என்று சிலர் நம்புகிறார்கள், என் முதலாளிகள் அப்படி நினைப்பதில்லை, அவ்வப்போது விஷயங்களை ஒரு பக்கமாக லேசாகத் தள்ளிவிட எனக்கு அனுமதி தந்திருக்கிறார்கள் என்கிறார். கம்பைனை மொத்தமாக அகற்றுவது அவர்களுடைய நலனுக்குப் பொருந்தாத ‘பெரிய தள்ளல்’ என்பதும் அவர் வாயால் வந்ததுதான்.

இதிலிருந்து ஒன்று தெளிவு. முதலாளிகள் கம்பைன் அல்ல, ஆனால் கம்பைன் ஒழிய வேண்டும் என்றும் அவர்கள் நினைக்கவில்லை. கம்பைன் பலவீனமாக இருந்தால் போதும், இல்லாமல் போகக்கூடாது. இப்படி ஒரு கணக்குப் போடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வியாபாரம் செய்பவர்களாகத்தான் இருப்பார்கள்.

அப்படியென்றால் ஜி-மேன் வெறும் வேலைக்காரரா?

இல்லை. அவர் தரகர் என்பது என் கட்சி. முதலாளி சொன்னதைச் செய்பவருக்கும் தரகருக்கும் வேறுபாடு உண்டு. நிலத் தரகர் இரு தரப்புக்கும் பேசிக்கொண்டே தனக்கென்று ஒரு மனையை ஓரமாகப் பிடித்துப் போடுவார் அல்லவா, ஜி-மேன் மனிதர்களை அப்படிப் பிடித்துப் போடுகிறார்.

இதற்குச் சான்று ஹாஃப்-லைஃப் 2-இலேயே இருக்கிறது. பூமியை கம்பைனிடம் ஒப்படைத்து அதன் கைப்பாவை நிர்வாகியாக இருக்கும் வாலஸ் பிரீன், சிட்டடல் கோபுரத்தில் ஃப்ரீமேனைப் பிடித்து வைத்துக்கொண்டு, உன் ஒப்பந்தம் அதிக விலை கேட்பவருக்குக் கிடைக்கும் நிலையில் இருப்பது உனக்குத் தெரியுமா என்று கேட்கிறார். அது எப்படி பிரீனுக்குத் தெரியும்? யாரோ அவரிடமும் போய்ப் பேசியிருக்கிறார்கள். அதே கேமின் கடைசியில் ஜி-மேன், உன் சேவைக்குச் சுவாரசியமான கோரிக்கைகள் வந்திருக்கின்றன என்கிறார். இரண்டு வசனங்களையும் சேர்த்துப் படித்தால் ஏலம் நடந்திருப்பது புரியும். பலரும் பிரீனின் வசனத்தை மிரட்டல் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கேமிலேயே முக்கியமான வரி அதுதான்.

பிளாக் மீசா விபத்துக்கு அவர்தான் காரணமா?

ஆம். இதில் ஊகத்துக்கு இடமில்லை. ஹாஃப்-லைஃப் 2-இன் தொடர்ச்சியாக 2007-இல் வந்த எபிசோட் டூவில் அலிக்ஸின் அப்பா ஈலை வான்ஸ் இதை ஃப்ரீமேனிடம் சொல்கிறார். பரிசோதனைக்கான படிகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஜி-மேன். கொடுத்த கையோடு, எதிர்பாராத விளைவுகளுக்குத் தயாராக இருங்கள் என்று ஈலையின் காதில் சொன்னவரும் அவரே. ஏன் என்பதுதான் கேள்வி. ஸென் உலகின் கதவைத் திறக்கவும், அதன் தலைவன் நிஹிலாந்தை அகற்றவும் என்பது முதல் கேம் தரும் விடை. அந்தக் கதவு திறந்ததால்தான் கம்பைன் பூமியைக் கண்டுபிடித்தது, ஏழு மணி நேரப் போரில் மனித குலம் வீழ்ந்தது. இதையும் அவர் முன்கூட்டி அறிந்திருந்தாரா? அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். எதிர்காலத்தைக் காட்சியாகக் காட்டத் தெரிந்தவர், தன் கையால் கொடுத்த கல் எங்கே போய் முடியும் என்று பார்க்காமலா கொடுத்திருப்பார்?

குழந்தை அலிக்ஸை அவர் ஏன் காப்பாற்றினார்?

எபிசோட் டூவில் அலிக்ஸ் படுகாயமடைந்து கிடக்கிறாள். வோர்ட்டிகான்ட்கள் அவளுக்கு உயிர் கொடுக்கும் சடங்கில் மூழ்கியிருக்கின்றன. (முதல் கேமில் நிஹிலாந்துக்கு அடிமைகளாக இருந்து, பின்னர் மனிதர்களோடு தோழமை கொண்ட இனம் அது.) அவற்றின் கவனம் திரும்பிய அந்தச் சமயத்துக்காகவே காத்திருந்து, ஜி-மேன் ஃப்ரீமேனிடம் வருகிறார். பிளாக் மீசாவிலிருந்து அவளைத் தூக்கி வந்தது நான்தான், வெறும் குழந்தை, யாருக்கும் உபயோகமில்லை என்று எதிர்ப்பு எழுந்தும் செய்தேன் என்கிறார். அடுத்து வரும் சொல்லைக் கவனியுங்கள்: முதலீடு. என் முதலீடுகளை நான் வீணாக்குபவன் அல்ல என்கிறார்.

இங்கே இரண்டு விஷயங்கள் புதைந்திருக்கின்றன. எதிர்ப்புச் சொன்னவர்கள் யாரோ இருந்தார்கள், அவர்களை அடக்கும் அதிகாரம் எல்லா நேரமும் இவரிடம் இல்லை. ஆக, இது முதலாளிகள் கொடுத்த வேலையல்ல, அவருடைய சொந்த முயற்சி. நான் தரகர் என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை. ஃப்ரீமேன் முதலாளிகளுக்குக் காட்டப்பட்ட சரக்கு. அலிக்ஸோ அவர் தனக்கென்று பிடித்துவைத்த சொத்து.

அவளிடம் அப்படி என்ன இருக்கிறது?

ஃப்ரீமேன் எத்தனை பெரிய வீரராக இருந்தாலும் காலத்தில் முன்னோக்கி மட்டுமே போகிறவர். இறக்கிவிட்ட இடத்தில் எதிரே வருவதை உடைப்பார். 2020 கேமின் முடிவில், ஜி-மேனை கம்பைன் அடைத்துவைத்திருந்த வால்ட் என்னும் பெட்டகச் சிறைக்குள் அலிக்ஸ் செய்தது வேறு வகை. எபிசோட் டூ முடிவில், கம்பைனின் அட்வைசர் பிராணி ஈலை வான்ஸைக் கொல்வதை நாம் 2007-இலேயே பார்த்து அழுதுவிட்டோம். 2020-இல் அலிக்ஸ் அதே காட்சிக்குள் கை நீட்டி, அட்வைசரைக் கொன்று, அப்பாவைக் காப்பாற்றிவிடுகிறாள். நடந்து முடிந்த ஒன்றை மாற்றிய முதல் மனிதர் அவள்தான். உடனே ஜி-மேன் சொல்கிறார்: முன்னால் வேலைக்கு எடுத்தவர் கொடுத்த பணிகளைச் செய்ய முடியாதவராகவோ விருப்பமில்லாதவராகவோ ஆகிவிட்டார், மாற்று ஆள் கிடைக்காமல் திணறினோம், இப்போது கிடைத்துவிட்டாள். லேசாகத் தள்ளிவிடுவதைத் தொழிலாகக் கொண்டவருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எங்கே கிடைக்கும்?

வால்ட் சிறையில் அவர் நிஜமாகவே அடைபட்டிருந்தாரா, அல்லது நாடகமா?

ரசிகர்கள் இன்றும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும் கேள்வி இது. ஹாஃப்-லைஃப் 2-க்கு ஐந்து ஆண்டுகள் முன்பு நடக்கும் கதையில், சிட்டி 17 நகரின் மேல் ஒரு பிரம்மாண்டமான பெட்டகத்தை கம்பைன் மிதக்கவிட்டிருக்கிறது. அதன் ஆற்றலுக்காக வோர்ட்டிகான்ட்களைச் சிறைப்பிடித்து உறிஞ்சுகிறது. உள்ளே இருப்பது பிளாக் மீசாவில் தப்பிய ஏதோ ஒன்று என்று ஒட்டுக்கேட்டு, அது கார்டன் ஃப்ரீமேன்தான் என்று அலிக்ஸ் நம்பிவிடுகிறாள். உள்ளே இருந்தது ஜி-மேன்.

சிறை நிஜம் என்பதே என் முடிவு. இவ்வளவு செலவு செய்து கம்பைன் நாடகத்துக்கு மேடை போடாது. வோர்ட்டிகான்ட்களின் ஆற்றலால்தான் அவரைக் கட்டிவைக்க முடிந்தது என்பதும் மற்ற கேம்களோடு ஒத்துப்போகிறது. 2006-இல் வந்த எபிசோட் ஒன்னின் தொடக்கத்தில் அதே வோர்ட்டிகான்ட்கள்தான் ஃப்ரீமேனை அவர் பிடியிலிருந்து பறித்துப் போகின்றன. பதிலுக்கு அவரால் பார்த்துக்கொள்ளலாம் என்று முனக மட்டுமே முடிந்தது. ஜி-மேன் பயப்படும் ஒரே இனம் அது.

சிறை நிஜம், ஆனால் சாவி அவர் கையிலேயே இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பே உயிர் பிழைக்கவைத்த குழந்தை வளர்ந்து வந்து கதவைத் திறக்கிறாள். இது தற்செயல் என்று யாராவது சொன்னால், அவர்கள் ஜி-மேனை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

ஈலையின் மரணத்தை அவரே ஏற்பாடு செய்தாரா?

இதைத்தான் நான் பல ஆண்டுகளாக யோசிக்கிறேன். எபிசோட் டூவில் அவர் ஃப்ரீமேனிடம் கேட்கும் ஒரே கைமாறு, அலிக்ஸை ஒயிட் ஃபாரஸ்ட் தளத்துக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது. மயங்கிக் கிடக்கும் அவள் காதில், அப்பாவிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் ஓதிவிடுகிறார்: எதிர்பாராத விளைவுகளுக்குத் தயாராக இருங்கள். ஒயிட் ஃபாரஸ்டில்தான் ஈலை இறக்கிறார், மகள் கண்ணெதிரே. பிறகு அதே மரணத்தை அலிக்ஸிடம் காட்டி, இதைத் தடுக்கிறாயா என்று கேட்பவரும் அவரே.

கொலை செய்தது அட்வைசர். அதை ஜி-மேன் ஏவினார் என்பதற்குச் சான்று இல்லை, நானும் அப்படிச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மரணம் நடக்கும் இடத்தில், நடக்கும் நேரத்தில், மகளை நிறுத்தி வைத்தார். ஒருவருக்கு எதை இழந்தால் தாங்காது என்று தெரிந்துகொண்டு, அதையே விலைப்பட்டியலில் எழுதினார். 2007-இல் எழுதியவர்களுக்கு 2020-இன் திருப்பம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பின்னால் வந்தவர்கள் பழைய நூலை எடுத்துப் புதிதாகத் தைத்திருக்கலாம். தையல் தெரியாத அளவுக்குப் பொருந்தியிருக்கிறது என்பது அவர்களுடைய திறமை.

அலிக்ஸ் அவ்வளவு முக்கியமென்றால், ஹாஃப்-லைஃப் 2 முடிவில் சிட்டடல் வெடிக்கும்போது ஏன் அவளை அங்கேயே விட்டுப் போனார்?

இந்தக் கோட்பாட்டின் பலவீனமான இடம் இதுதான். வெடிப்பை நிறுத்தி ஃப்ரீமேனை மட்டும் எடுத்துக்கொள்கிறார். அலிக்ஸை வோர்ட்டிகான்ட்கள்தான் காப்பாற்றுகின்றன. அவை வரும் என்று அவருக்குத் தெரியும் என்பது ஒரு விடை. ஆனால் அந்தக் காட்சியில் அவருக்கு வந்த ஆத்திரம் நிஜமாகத் தெரிகிறது. 2004-இல் அலிக்ஸுக்கு இந்தப் பாத்திரம் இன்னும் எழுதப்படவில்லை என்பதே நேர்மையான விடை.

அவர் எதிர்காலத்திலிருந்து வந்த ஃப்ரீமேன் என்கிறார்களே?

ஒரு வசனம்கூட இதற்கு ஆதரவாக இல்லை. அலிக்ஸ் கதை வந்த பிறகு இதைப் பிடித்துத் தொங்க வேண்டியதே இல்லை.

மனிதர்தானா?

மனித உருவம், மனித மொழி. ஆனால் பேசும்போது மூச்சு தவறான இடத்தில் வாங்குகிறார், சொற்களை இழுத்து, அழுத்தம் மாற்றிச் சொல்கிறார். குரல் கொடுத்த மைக் ஷப்பிரோதான் பார்னி கால்ஹூன் என்ற கலகலப்பான காவலருக்கும் குரல் கொடுத்தவர் என்றால் நம்பவே முடியாது. மனிதர் இல்லை என்பதே என் எண்ணம்.

ஏட்ரியன் ஷெப்பர்ட் என்ன ஆனார்?

1999-இல் கியர்பாக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஆப்போஸிங் ஃபோர்ஸ் என்ற துணைக் கேமின் நாயகர், பிளாக் மீசாவைச் சுத்தம் செய்ய அனுப்பப்பட்ட ராணுவ வீரர். அதில் ஜி-மேன் வழக்கத்தைவிட அதிகமாகக் கை வைக்கிறார். தப்பிக்க இருந்தவரைக் கதவை மூடித் தடுக்கிறார், வேறோர் இடத்தில் கதவைத் திறந்து உயிர் காக்கிறார், ஷெப்பர்ட் செயலிழக்க வைத்த அணுகுண்டுக்கு மறுபடி உயிர் கொடுத்து பிளாக் மீசாவையே அழிக்கிறார். கடைசியில் ஷெப்பர்டைக் கொல்லாமல் எங்கோ நிறுத்தி வைக்கிறார். தொடரை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தின் பிரதான கதையில் அவரைப் பற்றி அதன்பின் பேச்சே இல்லை. ஆனாலும் கிடங்கில் ஆள் சேர்க்கும் பழக்கம் அலிக்ஸுக்கு முன்பே இருந்தது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மார்க் லெய்ட்லா வெளியிட்ட கதைச் சுருக்கம் என்ன சொல்கிறது?

தொடரின் முதன்மை எழுத்தாளரான லெய்ட்லா 2016 தொடக்கத்தில் வால்விலிருந்து விலகினார். 2017 ஆகஸ்டில், பெயர்களையும் பாலினத்தையும் மாற்றி, ஒரு கடித வடிவில் கதையின் தொடர்ச்சியை வெளியிட்டார். போரியாலிஸ் கப்பலை கம்பைனின் மையத்தை நோக்கி ஏவுகிறார்கள். எதிரியின் பிரம்மாண்டத்துக்கு முன் அது ஒன்றுமே இல்லை என்று ஃப்ரீமேன் உணரும் வேளையில் ஜி-மேன் வருகிறார். வந்து, அலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு போய்விடுகிறார். அது அதிகாரபூர்வமான கதையல்ல. ஆனால் வேறு எழுத்தாளர்கள் 2020-இல் வேறு வழியில் நடந்தும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஃப்ரீமேனுக்குப் பதில் அலிக்ஸ் என்பது வால்வுக்குள் பழைய யோசனையாக இருந்திருக்க வேண்டும்.

ஜி-மேன் திரும்பி வருவாரா?

கதைக்குள் பார்த்தால் வராமல் இருக்க வழியே இல்லை. அலிக்ஸ் கேமின் கடைசிக் காட்சியில் மீண்டும் நாம் ஃப்ரீமேனாக ஒயிட் ஃபாரஸ்டில் நிற்கிறோம். ஈலை உயிரோடு இருக்கிறார், மகள் இல்லை. யார் கொண்டுபோனது என்று அவருக்கு நொடியில் விளங்கிவிடுகிறது. கொல்லாமல் விடமாட்டேன் என்று கொதிக்கிறார். டாக் என்ற இயந்திரம் கொண்டுவந்த கடப்பாரையை ஃப்ரீமேன் கையில் கொடுக்கிறார்.

கேமுக்கு வெளியே நிலைமை வேறு. எபிசோட் த்ரீ கைவிடப்பட்டது. 2024 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2-இன் இருபதாம் ஆண்டுக்காக வால்வ் வெளியிட்ட ஆவணப்படத்தில், அதற்காகச் செய்து பார்த்த பனித் துப்பாக்கியைக் காட்டினார்கள். கதையை முடித்து வைப்பதற்காக மட்டும் ஒரு கேமை வெளியிடுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்ற பொருளில் வால்வின் தலைவர் கேப் நியூவெல் அதில் பேசினார். அந்த ஆண்டின் கடைசி நாளில் மைக் ஷப்பிரோ ஜி-மேன் குரலில் ஒரு சிறு புத்தாண்டுச் செய்தி வெளியிட்டதை வைத்து ரசிகர்கள் எத்தனையோ கோட்டை கட்டினார்கள். அதை ஆதாரமாக நான் எடுத்துக்கொள்ளமாட்டேன்.

வந்தால் எப்படி வருவார்?

இத்தனை காலமும் அவர்தான் நம்மைத் தேடி வந்தார். இனி நாம் அவரைத் தேடிப் போக வேண்டியிருக்கும். அவரையும் அடைக்க முடியும் என்பதை கம்பைனே காட்டிவிட்டது. எப்படி அடைப்பது என்பது வோர்ட்டிகான்ட்களுக்குத் தெரியும். ஃப்ரீமேனுக்கு இப்போது ஒப்பந்தம் இல்லை, ஆகவே முதல்முறையாகக் கைகள் கட்டப்படாதவர். எதிர்த்து நிற்கப்போவது யார் என்பதே எனக்குக் கவலை. ஜி-மேன் தானாகச் சண்டை போடுபவர் அல்ல, ஆளை அனுப்புபவர். இப்போது அவரிடம் இருக்கும் ஆள் அலிக்ஸ். ஈலையின் எதிரே மகளையே நிறுத்தினால் கடப்பாரை எந்தப் பக்கம் வீசப்படும்? வால்வ் இந்தக் கதையைத் தொடர்ந்தால், அந்தக் காட்சியைத் தவிர்க்காமல் எழுத வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இதையெல்லாம் நேரில் பார்க்க எந்த வரிசையில் ஆட வேண்டும்?

ஹாஃப்-லைஃப், பிறகு விருப்பமிருந்தால் ஆப்போஸிங் ஃபோர்ஸ், ஹாஃப்-லைஃப் 2, எபிசோட் ஒன், எபிசோட் டூ, கடைசியாக அலிக்ஸ். கதைக் காலப்படி அலிக்ஸ் முன்னால் வரும் என்று அதை முதலில் ஆடிவிடாதீர்கள். எபிசோட் டூவின் முடிவைப் பார்க்காமல் வால்ட் காட்சிக்குப் போனால் அதன் கனமே தெரியாது. அலிக்ஸுக்கு விஆர் ஹெட்செட் தேவை. அது இல்லாதவர்கள், பேச்சில்லாமல் ஆடிப் பதிவுசெய்த முழு வீடியோ ஒன்றை ஹெட்போன் போட்டுப் பாருங்கள்.